செங்கல்பட்டிலிருந்து முட்டுக்காடு வரை: கூடித் தைக்கும் போர்வையின் வழி

பலர் தனித்தனியே தைத்த துணிக்கட்டங்களை ஓரிடத்தில் கொண்டுவந்து இணைத்து ஒரே போர்வையாக்குவது உலகின் பல பகுதிகளில் ஊர்கூடிச் செய்யும் வேலை. மேலே ஒட்டுத்துணிக் கட்டங்கள், நடுவில் பஞ்சு அல்லது பழைய புடவை மடிப்பு, அடியில் ஒரு முழுத்துணி என்று அது மூன்று அடுக்காக இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையல். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கவுதி, உத்தர கன்னடக் காடுகளில் வாழும் சித்திப் பெண்களின் கவந்தி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர் என்பது மார்கழி விடியலோடு முடிந்துவிடுகிறது. அதனால் தடித்த போர்வை இங்கே வேர்பிடிக்கவில்லை. பாட்டியின் நூல்புடவையை நான்காக மடித்து ஓரம் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாகப் போடுவதோடு வீட்டுத் தேவை தீர்ந்தது. ஆனால் பலர் கூடித் துணியும் நூலும் பிணைக்கும் பழக்கம் வேறு உருவங்களில் இங்கே உண்டு. செங்கல்பட்டிலிருந்து கிழக்கே கடலுக்கும், அங்கிருந்து வடக்கே முட்டுக்காட்டுக்கும் செல்லும் சாலையில் அந்த உருவங்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்படுகின்றன. இந்தக் கரையில் கூட்டுத் தையல் நிகழ்ச்சி ஒன்றை நடத்த முன்வரும் தன்னார்வலர்களுக்குத் தேவையான பாடங்களில் பெரும்பாலானவை இந்த வழியிலேயே கிடைக்கும்.

செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டத்தின் தலைநகரானது. ரயிலில் வருபவரை முதலில் வரவேற்பது கொளவாய் ஏரி. நிலையத்துக்கு அப்பால் உள்ள கடைத்தெருக்களில் தையல் கடைகள் ஏராளம். ரவிக்கையும் சுடிதாரும் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் அந்தக் கடைகளின் மூலையில் மூட்டையாகக் கிடக்கும். கூட்டுப் போர்வைக்கு அதுதான் முதல் மூலதனம். கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். தரம் பிரிப்பதுதான் வேலை. பருத்தியும் பாலியஸ்டர் கலப்பும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் முதல் சலவையில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, போர்வை முறுக்கிக்கொள்ளும். சுங்குடி, கைத்தறி, அடர்சிவப்பு ரவிக்கைத்துணி ஆகியவை சாயம் விடக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே அவற்றை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருமுறை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டபின்தான் கத்தரியை எடுக்கலாம். நிகழ்ச்சி நடத்துபவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் படி இதுதான். பின்னால் அதிகம் வருந்த வைப்பதும் இதுவே.

அளவு இன்னும் கறாரானது. ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை ஐந்தடி அகலம், ஏழடி நீளம் என்று வைத்துக்கொண்டால் ஓரடிக் கட்டங்கள் 35 வேண்டும். தையலுக்குப் பக்கத்துக்குக் காலங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் பன்னிரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். முப்பத்தைந்து பேர் முப்பத்தைந்து வீட்டில் தைக்கும்போது ஒருவர் தையலுக்கு விட்ட இடத்தையும் அளவில் சேர்த்துக் கணக்கிடுவார், இன்னொருவர் விடவே மாட்டார். கட்டத்துக்குக் காலங்குலம் கூடினாலும் ஏழு கட்ட நீளத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் வேறுபடும். பக்கத்து வரிசையோடு அது சேராது. எனவே வாயால் அளவு சொல்வதைவிட, ஒரே அச்சில் வெட்டிய அட்டையை ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது நல்லது. நடுவில் இலவம்பஞ்சு வைக்க நினைப்பவர்களும் உண்டு. அது தலையணைக்கும் மெத்தைக்கும் உகந்தது. போர்வையில் நழுவிக் கட்டிக்கொள்ளும், துவைத்தால் இன்னும் மோசம். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு மடிப்புப் பழம்புடவையே போதுமானது.

தைக்க ஆட்களைச் சேர்ப்பது, மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால், இங்கே எளிது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுயஉதவிக் குழுக்கள் உருவாயின. 1997-இல் மகளிர் திட்டம் அவற்றை மாநிலம் முழுக்கக் கொண்டுசென்றது. இன்று செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் குழுக் கூட்டம் நடக்கும் நாளும் இடமும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாளில் அந்த இடத்துக்குப் போவதைவிடச் சிறந்த அழைப்பிதழ் இல்லை. தனியாக ஒரு நாள் குறித்து, மண்டபம் பிடித்து, பெண்களை அங்கே வரச்சொல்வது நகரத்துப் பழக்கம். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு.

நகரை ஒட்டிய திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய இடம் அது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. தையலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நரம்பு பாதிக்கப்பட்ட விரல்களுக்கு ஊசி குத்துவதோ இஸ்திரிப்பெட்டி சுடுவதோ தெரியாது. நோய் முழுதும் குணமான பிறகும் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. புண் ஏற்பட்டது தெரியாமலே அது பெரிதாவதுதான் விரல்கள் சிதைவதற்குக் காரணமாகிறது. இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட கைகளும் தைக்க வரக்கூடும். விரலுறை, தடித்த பிடி உள்ள ஊசி, வேலை முடிந்ததும் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் அவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போன மூத்தவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்; அவர்கள் எண்ணிக்கை இப்போது எந்த ஊரிலும் குறைவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையின் நடுவழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர், கீழே பக்தவத்சலேசுவரர், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை சங்கு பிறப்பதாகச் சொல்லப்படும் சங்கு தீர்த்தம் என்று ஊருக்குப் புகழ் சேர்ப்பவை பல. போர்வையைத் தேடி வருபவர் பார்க்க வேண்டியது சித்திரைப் பெருவிழாவின் தேர். தமிழ்நாட்டுத் தேர்களின் மேல்பகுதி மூங்கிலும் துணியும்தான். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு, பச்சை என்று பளிச்சிடும் நிறத் துணிகளில் யாளி, கிளி, தாமரை, தெய்வ உருவங்களை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத் தையல் வேலை இது. சுற்றிக் கட்டும் தேர்ச்சீலை, உருளையாகத் தொங்கும் தொம்பை, வாசலுக்குத் தோரணம் என்று பல வடிவங்கள் அதில் உண்டு. இந்த வேலைக்குத் தஞ்சாவூர்ப் பகுதி பெயர்பெற்றது.

தமிழகத்தின் உண்மையான ஒட்டுத்துணிக் கலை தொம்பைதான். அதற்கு உரிய மதிப்பை அருங்காட்சியகங்களும் ஆய்வாளர்களும் இன்னும் தரவில்லை. காந்தாவுக்கு எத்தனை நூல்கள், எத்தனை கண்காட்சிகள்! தொம்பையோ திருவிழா முடிந்ததும் மூட்டையாகக் கட்டப்பட்டு அறைக்குள் போய்விடுகிறது. செங்கல்பட்டுக் கரையில் கூட்டுப் போர்வை தைக்கும் எவரும் அமெரிக்க நட்சத்திரக் கட்டங்களை இணையத்தில் பார்த்துப் படியெடுப்பதற்கு முன் ஒரு தேரின் முன்னால் சற்று நேரம் நிற்கலாம். தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக உருவத்தைப் பெரிதாக வெட்டுவது, ஓரத்தை வெள்ளைக் கயிற்றால் கட்டிக் காட்டுவது, நிறங்களைச் சிலவற்றோடு நிறுத்துவது ஆகிய உத்திகள் அனைத்தும் ஊரார் சேர்ந்து தைக்கும் போர்வைக்கு அப்படியே உதவும். கை பழகாதவர் தைத்தாலும் உருவம் கெடாது என்பது கூடுதல் வசதி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டை கட்டி வணிகம் நடத்தியது. செங்கல் மதில்கள், கிடங்குகள், செதுக்கு வேலைப்பாடு மிகுந்த 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் ஆகியவை எஞ்சியுள்ளன. 1781-இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூசும் மோதிய கடற்போருக்கு இந்த ஊரின் பெயரே வழங்குகிறது. இவ்வளவுக்கும் அடிப்படை பருத்தித் துணி. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய துணியும் மற்ற பருத்தி வகைகளும் இந்தத் துறையிலிருந்து கப்பலேறின.

சோழமண்டலக் கரை முழுவதிலிருந்தும் போன சாயத் துணிகள், குறிப்பாகக் கையால் வரைந்த பூத்துணிகள், 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைக் கிறுகிறுக்க வைத்தன. துவைத்தாலும் போகாத சிவப்பும் நீலமும் பருத்தித் துணியில் அங்கே அதுவரை அரிதானவை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது; 1721-இல் பெரும்பாலான அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. பிரெஞ்சுத் தடை 1759 வரையிலும் ஆங்கிலேயத் தடை 1774 வரையிலும் நீடித்தன. அரிதான பொருளின் துண்டுக்கும் மதிப்பு உண்டு. பழைய கவுனிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் பூவை மட்டும் கத்தரித்து வெற்றுத் துணிமேல் தைக்கும் முறை அங்கே பரவியது. இங்கிலாந்தில் இன்றும் இருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையில் உள்ளது. 1708-ஐ ஒட்டித் தைக்கப்பட்டதாகக் கருதப்படும் அந்தப் போர்வையின் துண்டுகள் இந்தியப் பூத்துணி. பின்னர் குடியேறியவர்களோடு இந்தக் கலை அமெரிக்கா சென்று, அங்கே ஊர்கூடித் தைக்கும் வழக்கமாகப் பெருகியது. மேலைநாட்டுக் கைவேலை என்று இன்று சென்னை வகுப்புகளில் கற்பிக்கப்படுவதன் பழைய மூலப்பொருள்களில் ஒன்று இந்தக் கடற்கரையிலிருந்து போனது. சதுரங்கப்பட்டினக் கோட்டையில் தொல்லியல் துறை ஒரு பலகையில் இதைச் சொல்லி வைக்கலாம்.

வடக்கே மாமல்லபுரத்துக்கு வந்தால் உளிச்சத்தம். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்வி நிலையம் கல்வேலையைத் தலைமுறை கடத்தி வருகிறது. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பல்லவர் கோயில்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குச் சற்று அப்பால் மீனவர் குப்பத்து மணலில் வலை விரித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கச் சிலரே போகிறார்கள். நைலான் வலை வருவதற்கு முன் வலை முழுவதும் கையால் பின்னியதுதான். இப்போது ஆலையிலிருந்து வந்தாலும், பாறையிலும் சுறாவின் பல்லிலும் கிழிந்ததைச் சரிசெய்வது கைவேலையாகவே நீடிக்கிறது. நூல் சுற்றிய தட்டையான வலை ஊசி ஒரு கையில், கண்ணியின் அளவைக் காக்கும் மூங்கில் பட்டை மறு கையில். ஒரு கண்ணி பெரிதாகிப் போனாலும் மீன் அந்த வழியே தப்பிவிடும் என்பதால் பட்டையை விட்டு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. அட்டை அளவு ஏன் வேண்டும் என்பதை இந்தக் குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே ஊசி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. கூட்டுத் தையல் நிகழ்ச்சி என்றாலே பெண்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்பும் வழக்கம் இந்தக் கரையில் பாதித் திறமையை வெளியே நிறுத்திவிடுகிறது.

தேவனேரி, பட்டிபுலம், நெம்மேலி, கோவளம் என்று வடக்கே நீளும் மீனவ ஊர்கள் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்டவை. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடத்தில், உமா பிரஜாபதி தொடங்கிய முயற்சி கூட்டுத் தையலுக்கு நெருங்கிய உறவு. 2005-இல் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களுக்குத் துணிக்கழிவிலிருந்து விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். 'சுனாமிகா' என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மைக்கு விலை வைக்கப்படவில்லை. பெறுபவர் விரும்பினால் நன்கொடை தரலாம். உழைத்த பெண்களுக்கு மட்டும் கூலி தரப்பட்டது. இந்தப் பிரிவினை முக்கியமானது. தன்னார்வம் என்பது ஏற்பாட்டாளரின் நேரத்துக்குப் பொருந்தும். கடல் வீட்டை அள்ளிக்கொண்டு போனவரின் உழைப்பையும் அதே கணக்கில் எழுதுவது நியாயமாகாது. பல நல்ல நிகழ்ச்சிகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

கோவளம் தாண்டினால் முட்டுக்காடு. உப்பங்கழிப் பாலத்தைக் கடந்த பிறகு, சாலையின் கிழக்கே தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. பத்து ஏக்கர் பரப்பில் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் கழற்றிக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. லாரி பேக்கரின் திட்டத்தில் தொடங்கிய கட்டுமானம் இது. செட்டிநாட்டு வீட்டின் மரத்தூண்களின் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்வோர் கூட்டம். துணி தேடி வருபவருக்கு உரியவை நெசவாளர் வீடுகள். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும், வட கர்நாடகத்தின் இல்கல் வீடும். இல்கல் இருக்கும் அதே வட்டாரத்தில்தான் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் கவுதி இன்னும் வழக்கத்தில் உள்ளது. முற்றம், திண்ணை, மரநிழல் எல்லாம் இருக்கும் இப்படிப்பட்ட இடமே கூட்டுத் தையலுக்கு ஏற்றது. போர்வையை முழுதாக விரித்து மூன்று அடுக்கையும் சுருக்கமின்றிக் கோக்கத் தரைப்பரப்பு வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுச் செய்வதைவிடத் தாழ்வாரத்தில் பாய் விரித்துச் செய்வது எளிது.

இதே சாலை முடிவடையும் சென்னையில்தான் இந்த வகை முயற்சிகளில் மிகப் பெரியது நடந்தது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழு, சுபஸ்ரீ நடராஜன் என்ற இல்லத்தரசி தொடங்கியது. வெவ்வேறு ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள் தம் வீட்டில் உட்கார்ந்து கொக்கி ஊசியால் பின்னிய கம்பளித் துண்டுகள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. 2016 ஜனவரி 31 அன்று அவற்றை இணைத்து விரித்தபோது 11,148.5 சதுர மீட்டர் இருந்தது. ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் பதிவு செய்தது. ஒரு சதுர மீட்டர் துண்டுகளாகக் கணக்கிட்டால்கூடப் பதினோராயிரத்துக்கும் மேல். சென்னை வெள்ளத்தில் தத்தளித்த 2015 டிசம்பர் அந்தப் பின்னல் காலத்தின் நடுவே வந்து போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குரோஷே வேறு, மூன்றடுக்குத் தையல் வேறு என்று நுணுக்கம் பேசுவோர் உண்டு. ஏற்பாட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே: ஒரே அளவு, ஒரே வகை நூல், வந்த துண்டுகளை எண்ணிப் பெயரெழுதி வைக்கும் பொறுமை, கடைசி நாளில் இணைப்பதற்கு நிறையக் கைகள்.

அந்தச் சாதனை மூன்று மாதம்கூட நிற்கவில்லை. நெல்சன் மண்டேலா பெயரில் கரோலின் ஸ்டெய்ன் 2014-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் '67 பிளாங்கெட்ஸ்' இயக்கம், 2016 ஏப்ரலில் டிராகன்ஸ்டைன் சிறை வளாகத்தில் 17,188.57 சதுர மீட்டர் விரித்து அதை முறியடித்தது. மண்டேலா 1990-இல் விடுதலையாகி நடந்து வெளியே வந்தது அந்தச் சிறையிலிருந்துதான். பின்னியவர்களில் கைதிகளும் இருந்தார்கள். சென்னையானாலும் தென்னாப்பிரிக்காவானாலும் சாதனை பதிவானபின் துண்டுகள் பிரிக்கப்பட்டுத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கப்படுவதற்காகவே பின்னப்பட்டவை. அதைவிடப் பெரிய கூட்டுப் போர்வை ஒன்று உண்டு. அது யாரையும் போர்த்துவதற்கானதல்ல. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் திடலில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக 1,920 கட்டங்களோடு விரிக்கப்பட்டது அது. ஒவ்வொரு கட்டமும் மூன்றடிக்கு ஆறடி. இப்போது ஏறக்குறைய 50,000 கட்டங்களாகப் பெருகிவிட்டது. சென்னையிலோ 2019 ஜனவரியில் இந்தியக் குவில்ட் திருவிழா முதன்முறையாக நடந்து, கலைப்போர்வைகளுக்குக் கண்காட்சி அரங்கத்தைத் திறந்தது. சாதனை, நினைவு, கலை என்று மூன்று நோக்கமும் மதிக்கத்தக்கவையே. செங்கல்பட்டுக் கரைக்கு இவற்றில் எதுவும் முதல் தேவையில்லை. இந்தக் கரைக்குப் புயல் வருகிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கவைக்கப்படும் குடும்பங்களுக்கு ஈரத் தரையில் விரிக்கவும் குழந்தையைப் போர்த்தவும் ஒரு துணி வேண்டும். மெல்லியதாகவும் சீக்கிரம் காய்வதாகவும் இருந்தால் போதும்.

அதனால் நாள் குறிப்பதும் மழையை வைத்தே அமைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் துணி காயாது. மூட்டையில் இருக்கும் பருத்தி பூஞ்சணம் பிடிக்கும். கத்திரி வெயிலில் யாரும் மடிமேல் போர்வையை வைத்துத் தைக்க மாட்டார்கள். பொங்கல் முடிந்த தை, மாசி மாதங்களில் கட்டங்களைக் கொடுத்து, பங்குனிக்குள் இணைத்து, ஆடிக்குள் துவைத்து மடித்து, அடுத்த பருவமழைக்கு முன் ஊராட்சியிடமோ புயல் பாதுகாப்பு மையத்திடமோ ஒப்படைப்பது பொருத்தமான கால அட்டவணை. முன்வர விரும்புவோர் தீபாவளி முடிந்ததும் தையல் கடைகளில் கேட்டு வைக்கலாம். ஆண்டிலேயே வெட்டுத்துணி அதிகம் மிஞ்சுவது அப்போதுதான்.